நான்கு நட்சத்திரமும் இரண்டரை வரியும்

உலகத்தில் நகரங்களைக் கட்டியவர்கள் உண்டு, ஆண்டவர்கள் உண்டு, கொளுத்தியவர்களும் உண்டு. ஆனால் ஒரு கோடிப் பேர் வாழும் நவீன நகரம் ஒன்றை மூன்றரை நாளில், காலை உணவு உட்பட, முழுதாகப் பார்த்து முடித்தவர்கள் எங்கள் பேருந்தில் வந்த பத்தொன்பது பேர்தான். அந்தப் பத்தொன்பது பேரிலும் உள்ளதை உள்ளபடி எழுதியவள் நான் ஒருத்திதான். இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தச் சுற்றுலா நிறுவனமே முத்திரை குத்தி எழுத்தில் கொடுத்திருக்கிறது. கடிதத்தைக் கடைசியில் காட்டுகிறேன், கண்ணுகளா. அவசரப்படாதீர்கள்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு கற்றதெல்லாம் சொந்த முயற்சி. ஆகவே தவறுகளும் சொந்தம். இருபத்திரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், நம் அடுக்ககத்தின் கீழ்க்கூடத்தில், இந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து உங்களுக்குக் கதை சொல்லி வருகிறேன். வெளிநாடு போகிறேன் என்றதும் நீங்கள் மிட்டாய் கேட்கவில்லை, பொம்மை கேட்கவில்லை. "பார்த்ததை எழுதிக்கிட்டு வாங்க, அது போதும்" என்றீர்கள். தங்கமான மனசு. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் கெட்டது. இருநூறு பக்க நோட்டு ஒன்றும் பேனா இரண்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பார்க்கப் போகிறவள் என்பது மறந்து, எழுதப் போகிறவள் ஆகிவிட்டேன்.

துணைக்கு என் நாத்தனார் வந்தாள். முப்பத்தாறு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நூற்றுக்கு நூறு போட்டதில்லை. ஒருமுறை ஒரு பெண் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுவிட, தாளில் ஓரம் விடவில்லை என்று அரை மதிப்பெண் குறைத்தவள். தொண்ணூறு மாடியை ஐம்பத்திரண்டு விநாடியில் ஏறும் லிஃப்ட் அந்த நகரத்தில் இருப்பதாக விளம்பரத்தில் போட்டிருந்தது. அது உண்மையா என்று தன் கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்க்கத்தான் அவள் வந்தாள்.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி நாற்பது வயதுப் பெண். துணிக் காலணி, கொஞ்சம் கரகரத்த குரல், கையில் ஒரு குச்சி, குச்சியின் முனையில் மஞ்சள் கொடி. அம்மா வழியில் நம் பேச்சு பேசுகிற குடும்பமாம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் அந்த நகரம். நாத்தனார் முதல் நாளே அவளுக்கு 'மஞ்சக்கொடி' என்று பெயர் வைத்துவிட்டாள். 

மஞ்சக்கொடி ஒலிபெருக்கியை எடுத்தால் பேருந்தில் குறட்டை நின்றுவிடும். மற்ற வழிகாட்டிகள் கட்டடத்தைக் காட்டி உயரம் இவ்வளவு, இரும்பு இத்தனை டன் என்பார்கள். இவள் சொன்னாள்: "அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைத் துடைக்கறவங்க கீழேர்ந்து ஆரம்பிச்சு உச்சிக்குப் போய்ச் சேர நாலு மாசம் ஆகும். அதுக்குள்ள கீழே அழுக்காயிடும். திரும்ப இறங்கி வந்து ஆரம்பிப்பாங்க. நம்ம வீட்டுப் பாத்திரம் மாதிரிதான், எங்க தீருது?" பத்தொன்பது பேரும் அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அதே கட்டடத்தைப் பற்றி நானும் ஒரு கருத்துச் சொன்னேன். நாத்தனார் மட்டும் "ம்" என்றாள். அவளும் அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

முதல் நாள் கோபுரம். இரண்டு மணி நேரம் வரிசை. அந்த வரிசையின் அழகே அழகு. பட்டை கட்டிப் பட்டை கட்டி, வளைத்து வளைத்து, புறப்பட்ட இடத்துக்கே மூன்று முறை கொண்டுவந்து விட்டார்கள். 'இங்கிருந்து நாற்பது நிமிடம்' என்ற பலகையை நாங்கள் நான்கு இடத்தில் பார்த்தோம். முன்னேற்றம் என்றால் இதுதான் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். லிஃப்ட் ஐம்பத்து நான்கு விநாடி எடுத்துக்கொண்டது. நாத்தனார் கடிகாரத்தை லிஃப்ட் ஊழியரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் இடுப்பை வளைத்து மன்னிப்புக் கேட்டார்.

மேலே போனால் மேகம். நாலாபக்கமும் வெள்ளை. பால் டம்ளருக்குள் விழுந்த ஈக்கள் மாதிரி பத்தொன்பது பேரும் நின்றோம். நிர்வாகத்தின் தொலைநோக்கைப் பாராட்ட வேண்டும்: தெளிவான நாளில் வந்திருந்தால் என்ன தெரியும் என்பதைக் காட்டுவதற்குச் சுவரில் ஒரு பெரிய திரை வைத்திருந்தார்கள். எங்களோடு வந்த பல் டாக்டர் அந்தத் திரையை முப்பது படம் எடுத்தார். அவர் மனைவி திரைக்கு முன்னால் நின்று, காற்றில் கூந்தல் பறக்கிற மாதிரி கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் மஞ்சக்கொடி சொன்னாள்: "மேகம் மூடின நாள்ல வந்தது நம்ம பாக்கியம். வெயில் நாள்ல கீழே இருக்கறது மட்டும்தான் தெரியும். நாம மேல இருக்கோம்ங்கறது தெரியாது."

முணுமுணுப்பு நின்றது. பத்தொன்பது பேரும் மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பல் டாக்டர்கூடக் கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். நான் அதற்குள் நோட்டில் மேகத்தைப் பஞ்சு, பனி, பாட்டன் தாடி என்று ஆறு வரி உவமை எழுதியிருந்தேன். அந்த ஆறையும் அடித்துவிட்டு, அவள் சொன்னதை எழுதிக்கொண்டேன். யார் சொன்னது என்று மட்டும் எழுதவில்லை. நோட்டு என்னுடையதுதானே?

இரண்டாம் நாள் காலை, பழைய சந்தையின் அருங்காட்சியகம். நூறு வருடம் நடந்த சந்தையை இடித்து, அந்த இடத்தில், நூறு வருடம் நடந்த சந்தை எப்படி இருந்தது என்று காட்டும் கட்டடம் கட்டியிருந்தார்கள். உள்ளே மெழுகில் செய்த காய்கறிக்காரி உட்கார்ந்திருந்தாள். மெழுகுக் கத்தரிக்காய், மெழுகு வியர்வை. வெளியே வாசலில் நிஜக் காய்கறிக்காரி ஒருத்தியைக் காவலர் விரட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவள் எவ்வளவு தத்ரூபம் என்று எல்லோரும் வியந்தோம். நானும் ஒரு பக்கம் வியந்து எழுதினேன்.

மதியம்தான் அந்தப் பேரங்காடி. ஆறு மாடி, நடுவில் மேலிருந்து கீழே கொட்டும் அருவி. அருவிக்கு இயங்கும் நேரம் எழுதிப் போட்டிருந்தது. பராமரிப்புக்காக வியாழக்கிழமை விடுமுறை. நான் குனிந்து அதை எழுதி முடித்து நிமிர்ந்தபோது மஞ்சள் கொடி நகர்ந்துகொண்டிருந்தது. பின்னாலேயே போனேன்.

அது வேறு மஞ்சள் கொடி.

எனக்கு அது ஒரு மணி நேரம் வரை தெரியாது. அந்தக் கொடிக்காரர் புரியாத பாஷையில் பேசினார். குரல் மாறியிருந்ததும், ஆளே ஆணாக இருந்ததும் கொஞ்சம் உறுத்தின. ஆனால் நான் ஒரு எழுத்தாளர் என்ற முறையில் ஆட்களைப் பார்க்கவில்லை, தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தும் இடத்திலெல்லாம் தலையாட்டினேன். குழுவில் இருந்தவர்கள் மரியாதையாகத் திரும்பத் தலையாட்டினார்கள். ஒரு காகிதத் தொப்பி கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன். அவர்கள் எண்ணிக்கையில் ஒருவர் கூடுதலாக வந்ததால் கொடிக்காரர் மூன்று முறை எண்ணினார். கடைசியில் ஒரு பெரியவரைத் தனியே நிறுத்தி விசாரித்தார்கள். பாவம், அவர் அவர்களுடைய ஆள்தான்.

மூன்றாம் மாடியில், நிலைக்கண்ணாடி விற்கும் கடையில், தொப்பியோடு என்னையே பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எந்த ஊர், எந்த விடுதி, என்ன பேருந்து, ஒன்றும் நினைவில்லை. இருநூறு பக்க நோட்டில் விடுதியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அதன் திரைச்சீலையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது.

மஞ்சக்கொடி ஓடி வந்தாள். ஆறு மாடியையும் ஏறி இறங்கியிருக்கிறாள், மூச்சு இரைத்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, என் தலையிலிருந்து தொப்பியை எடுத்து மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். நான் தேடி வந்தது யாருக்கும் தெரிய வேணாம். உங்க நாத்தனார்கிட்ட நீங்க துணி பாத்துட்டு இருந்தீங்கன்னு சொல்லிக்கலாம்."

ஏன் என்று கேட்டேன். சொன்னாள். வழிகாட்டி பத்து நிமிடத்துக்கு மேல் குழுவை விட்டு விலகக் கூடாது என்பது விதி. ஆள் தொலைந்தால் 'தொலைந்தோர் பிரிவு'க்குத் தகவல் கொடுக்க வேண்டும். அவர்கள் வந்து, தொலைந்தவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி, விடுதியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். மீதி நாளெல்லாம் அறைதான். வெளியே விட மாட்டார்கள். "ஊர் பாக்க ஆசையா வந்தவங்க கழுத்துல அட்டையோட உக்காரக் கூடாது" என்று, மற்றவர்களை அருவிக்கு முன்னால் ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அவளுக்கு ஆறு மாதச் சோதனைக் காலம் எங்கள் பேருந்தோடு முடிகிறதாம். குறை இல்லாமல் முடிந்தால் வழிகாட்டி வேலை நிரந்தரம். குறை வந்தால் பழையபடி விமான நிலையத்துக்கு. அங்கே அவள் நான்கு வருடம் வருகிறவர்களுக்காகப் பெயர்ப்பலகை பிடித்து நின்றவள்.

"அதுவும் வேலைதானே?" என்றேன், உலகம் அறிந்தவள் மாதிரி.

"நிக்கறது கஷ்டமில்லம்மா. பேசக் கூடாது. மூணே வாக்கியம் அனுமதி. வாங்க. பயணம் சௌகரியமா இருந்துதா. பஸ் அந்தப் பக்கம் நிக்குது. நாலு வருஷம் இந்த மூணுதான். வீட்டுக்குப் போய் அம்மாகிட்டப் பேச வாயைத் தொறந்தா, பஸ் அந்தப் பக்கம் நிக்குதுன்னு வந்துடுச்சு ஒருநாள். அன்னிக்கு அழுதுட்டேன்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், கண்ணுகளா. நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதத்தான் செய்தேன்.

நான்காம் நாள் காலை, விமான நிலையம் போகும் பேருந்தில், ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். மேலே 'தங்கள் நேர்மையே எங்கள் வளர்ச்சி' என்று இருந்தது. கீழே நிரப்புவதற்கு ஐந்து நட்சத்திரம். மடிப்பைத் திறந்தால் உள்ளே ஆறு கேள்விகள். கடைசியில் 'மற்றக் கருத்துகள்' என்று இரண்டரை வரி இடம். மூன்றாவது வரியின் பாதியை நிறுவனத்தின் சின்னம் தின்றுவிட்டது. மஞ்சக்கொடி முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எழுதும்போது அவள் திரும்பிப் பார்க்கக் கூடாதாம், அதுவும் விதி. கொடியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

நாத்தனார் ஐந்தையும் நிரப்பி, அட்டையை மூடிவிட்டாள். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை.

"என்னம்மா, முழு மார்க்கா? ஓரம் விடலைன்னு அரை மார்க் குறைச்சவளா நீ?"

"அது கணக்கு அண்ணி. இது பொண்ணு. பேசாம அஞ்சையும் நிரப்பிக் குடுத்துடுங்க."

"நாலுங்கறது எண்பது பர்சன்ட். நம்ம வீட்ல எண்பது வாங்கினது யாரு?"

"நீங்க நாப்பது வாங்கினதுக்கே உங்க வீட்ல பாயசம் வச்சாங்களாமே. அந்தப் பாயசத்தை நெனச்சுக்கிட்டுப் போடுங்க."

நான் அவளுக்கு நேர்மையைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். குறையே இல்லாத மனிதர் உண்டா? முழுசாகப் புகழ்ந்தால் அது புகழ்ச்சியா, முகத்துதியா? நான்கு போட்டால்தான் அந்த நான்குக்கே மரியாதை. நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நான்கு நட்சத்திரங்களை ஓரம் பிசகாமல் அழகாக நிரப்பினேன். ஐந்தாவதை நல்ல வெள்ளையாக விட்டேன்.

ஆறாவது கேள்வி: 'வழிகாட்டி எப்போதாவது பத்து நிமிடத்துக்கு மேல் குழுவை விட்டு விலகினாரா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பேனா அங்கே நின்றது. பொய் எழுதிப் பழக்கமில்லை. மேலும், என்னைத் தேடித்தானே விலகினாள்? அது அவளுக்குப் பெருமைதானே? கீழே விளக்கிவிடலாம் என்று 'ஆம்' என்ற கட்டத்தை நிரப்பினேன்.

கீழே வந்தேன். இரண்டரை வரி. எதையும் எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது, ஒரு முன்னுரை வேண்டும் என்பது நான் சொந்தமாகக் கற்றுக்கொண்ட இலக்கணம். முன்னுரையாக மேகத்தை எழுதினேன். 'மேகம் மூடிய நாளில் வந்தது எங்கள் பாக்கியம். வெயில் நாளில் கீழே இருப்பது மட்டும்தான் தெரியும். நாம் மேலே இருக்கிறோம் என்பது தெரியாது.' கையெழுத்து அன்றைக்கு முத்து முத்தாக வந்தது. நிமிர்ந்து பார்த்தால் சின்னம் இடித்தது. இடம் முடிந்துவிட்டது.

விமான நிலையத்தில் மஞ்சக்கொடி ஒவ்வொருவர் கையையும் பிடித்து விடை கொடுத்தாள். என் பைக்குள் எதையோ திணித்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தக் காகிதத் தொப்பி.

நான்கு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. இந்தக் கூடத்தில்தான் உங்களுக்குப் படித்துக் காட்டினேன், நினைவிருக்கும். அந்த ஆண்டின் 'நேர்மைப் பயணி' நான்தானாம். நான் எழுதிய இரண்டரை வரி, நிறுவனத்தின் சேவையை ஒரு படி உயர்த்தியதாம். மேகமூட்ட நாட்களில் கோபுரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கிறவர்களே இப்போது இல்லையாம். ஆகவே இருவருக்கு இலவசப் பயணம். நீங்கள் கைதட்டினீர்கள். இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தேன், நிறுத்தும்படியாக அசைக்கவில்லை.

மறுபடியும் நாத்தனாரோடு போய் இறங்கினேன். வருகைக் கூடத்தின் சுவர் முழுவதும் ஒரு மேகப் படம். அதன் நடுவே என் வாசகம், ஆள் உயர எழுத்தில், நம் மொழியிலும் இன்னும் ஐந்து மொழியிலும். கீழே '— ஒரு நேர்மைப் பயணி'. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசகத்துக்கு அடியில் நின்று, முகத்தில் கொஞ்சம் தன்னடக்கத்தை வரவழைத்துக்கொண்டு, ஒரு படம் எடு என்று நாத்தனாரிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். அவள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள். எடுக்கவில்லை.

"அண்ணி, உங்க பக்கத்துல பலகை பிடிச்சுக்கிட்டு நிக்கறது யாருன்னு பாருங்க."

சாம்பல் சீருடை. கழுத்து வரை பொத்தான். பலகையில் 'நேர்மைப் பயணிக்கு நல்வரவு'. பலகைக்கு மேலே மஞ்சக்கொடியின் முகம்.

"வாங்க" என்றாள்.

"ஏம்மா, நீயா? இங்கயா?"

"பயணம் சௌகரியமா இருந்துதா?"

அவள் தலைக்கு மேலே ஒரு கேமரா சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. நான் கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினேன். "என்மேல கோவமாம்மா?"

அவள் உதடு எதற்கோ பிரிந்தது. பிறகு மூன்றாவதைச் சொன்னாள்.

"பஸ் அந்தப் பக்கம் நிக்குது."

பேருந்தில் ஏறினோம். நாத்தனார், விடுதிக்குப் போகாமல் நேரே நிறுவனத்துக்கு விடச் சொன்னாள்.

முப்பத்தோராம் மாடி, 'தர உயர்வுப் பிரிவு'. கண்ணாடி அறை, நீள மேசை, எங்கள் இருவருக்காக மூன்று அதிகாரிகள், ஆளுக்கொரு தண்ணீர் புட்டி. அவர்கள் பேசினால் மேசை நடுவே இருந்த ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டி அதை நம் மொழியில் சொன்னது. நல்ல உயர்ந்த நடை. எனக்கே பொறாமையாக இருந்தது. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். தொலைந்தது நான். அவள் விலகியது என்னைத் தேடி. அந்த 'ஆம்' தவறான ஆம்.

பெட்டி சொன்னது: "'தவறான ஆம்' என்றொரு கட்டம் படிவத்தில் இல்லை. தங்கள் கண்ணீர் பதிவு செய்யப்பட்டது."

மீதிப் பதினெட்டுப் பேரும் ஐந்து போட்டார்களே, அவர்களுடைய அட்டையைப் பார்க்கவில்லையா என்று நாத்தனார் கேட்டாள். மூன்று அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு வந்ததால்தான் என் அட்டையைத் திறந்தார்களாம், திறந்ததால் படித்தார்களாம், படித்ததால் நிறுவனம் உயர்ந்ததாம். நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். சுவரில் இருக்கிற வாசகமே என்னுடையது இல்லை, அவள் சொன்னது என்றேன். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

"பணி நேரத்தில் பணியாளர் பேசியவை அனைத்தும் நிறுவனத்தின் உடைமை" என்றது பெட்டி. "ஆயினும் தங்கள் அக்கறை போற்றத்தக்கது. அப்பணியாளரின் தற்போதைய பணியைத் தாங்கள் மதிப்பிடலாம்."

புதிய அட்டை ஒன்று கொடுத்தார்கள். மேசைமேல் கவிழ்ந்து, ஐந்து நட்சத்திரத்தையும் நிரப்பினேன். வாழ்க்கையில் முதல்முறையாக. பிறகு அந்த இரண்டரை வரியில், எறும்பு எழுத்தில், நடந்ததை நடந்தபடி எழுதினேன். முன்னுரை இல்லை, உவமை இல்லை. சின்னத்தின் மேலேயும் எழுதினேன். நாத்தனார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இப்பதான் ஓரம் விடாம எழுதியிருக்கீங்க. பரவாயில்லை" என்றாள்.

சரி, இப்போது கடிதம். கடைசியில் காட்டுகிறேன் என்று சொன்னது இதுதான். போன வாரம் வந்தது. படிக்கிறேன்.

'பெருமதிப்பிற்குரிய நேர்மைப் பயணி அவர்களுக்கு. வரவேற்புப் பலகைப் பணிக்குத் தாங்கள் வழங்கிய ஐந்து நட்சத்திரங்கள் எங்களை நெகிழச் செய்தன. அப்பிரிவில் இதுவரை எவரும் முழு மதிப்பீடு பெற்றதில்லை. நான்குக்கு மேல் எளிதில் வழங்காத தங்களைப் போன்றவரே வழங்கியிருப்பதால், மேற்படி பணியாளர் அப்பணிக்கு மிகவும் பொருத்தமானவர் என்று முடிவு செய்து, அவரை அங்கேயே நிரந்தரமாக்கியுள்ளோம். ஐந்து நட்சத்திரம் பெற்ற படிவங்களைத் திறந்து படிக்கும் வழக்கம் இல்லாததால், மற்றக் கருத்துகள் பகுதியில் தாங்கள் ஏதேனும் எழுதியிருப்பின் அதற்கும் நன்றி.'

முத்திரை இருக்கிறது பாருங்கள். நீல மை.

நாத்தனாரிடம் படித்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கணக்கை முடிக்கிற மாதிரி சொன்னாள்: "நாலு போட்டு இறக்கினீங்க. அஞ்சு போட்டு ஆணி அடிச்சுட்டீங்க." பிறகு ஒரு கேள்வி கேட்டாள். அன்றைக்குப் பேருந்தில் அந்த ஐந்தாவது நட்சத்திரத்தை ஏன் வெள்ளையாக விட்டீர்கள், நிஜமாகச் சொல்லுங்கள் என்றாள்.

நேர்மை என்றேன். கடிதத்தைக் காட்டினேன். அவள் கடிதத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. அந்தப் பெண் வாயைத் திறந்தால் பத்தொன்பது பேரும் கேட்டார்கள். நான் வாயைத் திறந்தால் பக்கத்து இருக்கை மட்டும், அதுவும் அரைத் தூக்கத்தில். மூன்றரை நாளும் எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது அவளுக்கு மூன்றே வாக்கியம். நீங்களெல்லாம், பாருங்கள், அசையாமல் உட்கார்ந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.